குழாய்க்கு நாக்கு கிடையாது

போன வருஷம் அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த சமயம், பென்னலூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மறக்க முடியாத அனுபவம் என்றால் பலருக்கும் கண் கலங்கும். எனக்குக் கண் கலங்கவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. ஆறப்போட்டு எழுதலாம் என்று ஒரு வருஷம் பார்த்தேன். ஆறவில்லை. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு நாள் கேன்டீன் வரிசையில் தட்டோடு நின்றவர் அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம் என்றார்கள். வலது கை, வலது கால் போனது. பேச்சும் போனது. எதை விழுங்கினாலும் புரையேறியதால் மூக்கு வழியாக வயிறு வரைக்கும் ஒரு குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கஞ்சி, பால், பொடித்த மாத்திரை எல்லாமே பெரிய சிரிஞ்சில் அந்தக் குழாய் வழியாகத்தான் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஊற்றி முடித்ததும் கொஞ்சம் வெறும் தண்ணீர் விட்டுக் குழாயை அலச வேண்டும். இல்லாவிட்டால் கஞ்சி உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

பேச்சு போனதே தவிர, அவருக்குப் புத்தி தெளிவாகவே இருந்தது. டி.வி.யில் கிரிக்கெட் ஓடினால், விக்கெட் விழும்போது இடது கை கட்டில் கம்பியைத் தட்டும். ஆனால் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் அவர் தலைமாட்டிலேயே நின்றுகொண்டு, "இனிமே எங்க எழுந்துக்கப் போறாரு, நீதான் மனசத் தேத்திக்கணும்" என்று என்னிடம் சொல்வார்கள். ஆப்பிள் பையை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, ஏதோ ரிப்பேரான ஃபிரிட்ஜைப் பற்றிப் பேசுவது போல அவரைப் பற்றிப் பேசுவார்கள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று இவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

நானும் ஒரு ஒயரிங் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். வேலையை விட்டால் வீடு நடக்காது. அதனால் ஒரு ஹோம்கேர் ஏஜென்சியில் சொல்லி, பகலில் பார்த்துக்கொள்ள ஆள் போட்டோம். "எல்லாரும் டிரெயினிங் முடிச்ச ஸ்டாஃப் மேடம், நீங்க நிம்மதியா டியூட்டிக்குப் போலாம்" என்று ஏஜென்சி மேனேஜர் சொன்னார். இஸ்திரி போட்ட சட்டையும், காதில் மாட்டிய போனுமாக அவர் சொன்ன தோரணையைப் பார்த்து நானும் நம்பினேன்.

வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். தென்காசிப் பக்கம் ஊர். போன் தயாரிக்கிற கம்பெனியில் லைனில் வேலை பார்க்க வந்து, ஹாஸ்டலில் தங்கி, கான்ட்ராக்ட் முடிந்ததும் நிறுத்தப்பட்டவள். ஊருக்குத் திரும்ப மனமில்லாமல், அறைத் தோழி சொன்னாள் என்று இந்த வேலையில் சேர்ந்திருக்கிறாள். என்ன டிரெயினிங் கொடுத்தார்கள் என்று கேட்டேன். ஒரு முற்பகல் முழுக்க ஏஜென்சி ஆபீஸில் உட்கார வைத்து, போனில் இரண்டு வீடியோ போட்டுக் காட்டிவிட்டு, ஒரு நீலக் கோட்டைக் கொடுத்து அனுப்பினார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நான் கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் முழுக்க என்னை ஒரு ரூமில் உட்கார வைத்துப் பாதுகாப்புப் பாடம் எடுத்தார்கள். தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது, ஷூ இல்லாமல் ஏன் உள்ளே வரக்கூடாது, பெயர் ஒட்டாத பாட்டிலை ஏன் தொடக்கூடாது என்று எல்லாம் சொல்லி, கடைசியில் கேள்வி கேட்டு, பதில் சொன்ன பிறகுதான் லைனுக்குள் விட்டார்கள். ஒயரையும் கிளிப்பையும் தொடுவதற்கு அவ்வளவு பாடம். உயிரோடு கிடக்கிற மனுஷனின் வயிற்றுக்குள் போகிற குழாயைத் தொடுவதற்கு இரண்டு வீடியோ. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆனால் அந்தப் பெண் தங்கமான பெண். குழாயைப் பார்த்து முதலில் பயந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் எனக்குக் காட்டிக் கொடுத்ததை நான் அவளுக்குக் காட்டிக் கொடுத்தேன். சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். அவரை "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று வாய் ஓயாமல் கூப்பிடுவாள். கஞ்சி ஊற்றும்போது இன்றைக்கு என்ன கஞ்சி என்று சொல்லித்தான் ஊற்றுவாள். வீட்டுக்கு வந்தவர்களிலேயே அவரை மனுஷனாக வைத்துப் பேசியது அவள் ஒருத்திதான். அவள் கோட்டு மாட்டிக்கொண்டு உள்ளே வந்தால் அவர் முகத்திலேயே ஒரு தெளிச்சி தெரியும்.

அடுத்தது என் கொழுந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் மனைவியும் பிள்ளைகளும் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறார்கள். பெரிய கார் பார்ட்ஸ் கம்பெனியில் சேஃப்டி டிபார்ட்மென்டில் வேலை. அந்த வேலையை அவர் கம்பெனி கேட்டோடு விட்டுவிட்டு வர மாட்டார். யார் ஹெல்மெட் போடாமல் தெருமுனைக் கடைக்குப் போனாலும் நிறுத்தி அறிவுரை சொல்வார். ஒரு கல்யாண வீட்டில், சமையல்காரர் சிலிண்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்ததற்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தார். நாங்கள் எல்லாம் கேலி செய்வோம், ஆனாலும் ஒரு மரியாதை இருந்தது. அண்ணன் மேல் பாசமும் உண்டு, அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

வீட்டுக்காரருக்காகப் பழைய ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். கால்மாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும். கஞ்சி ஊற்றும்போது தலை உயர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதுக்களித்து நெஞ்சுக்குள் போய்விடும். அந்தக் கைப்பிடியில் வருஷக்கணக்கான கிரீஸ் இறுகி, சுற்றவே முடியவில்லை. அந்தப் பெண் இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு மொத்தத்தையும் கொடுத்துச் சுற்றுவாள். கொழுந்தன் ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டு, தங்கள் கம்பெனியில் ஒரு லிக்விட் இருக்கிறது, கொஞ்சம் ஊற்றினால் கிரீஸெல்லாம் கழன்று வந்துவிடும், கொண்டுவந்து தருகிறேன் என்று என்னிடம் சொன்னார். சரி என்றேன். அதோடு மறந்தும் போனேன்.

அன்றைக்கு எனக்குக் காலை ஷிஃப்ட். மதியம் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டது. அங்கிருந்து வீடு வரை நிழல் என்று ஒன்று கிடையாது. வீட்டுக்குள் நுழையும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கஞ்சி ஊற்றி முடிக்கும் நேரம். சிரிஞ்சில் கடைசிக் கஞ்சி இறங்கிக்கொண்டிருந்தது. கட்டில் பக்கத்து ஸ்டூல் மேல் ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில் இருந்தது. காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை எப்போதும் அந்த மாதிரி பாட்டிலில்தான் ஸ்டூல் மேல் வைப்போம். குழாய் அலசுவதற்கும் அதுதான்.

நான் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தேன். அவளும் அதைப் பார்த்து, "குடிச்சிட்டு இங்க தாங்கக்கா, குழாய அலசணும்" என்று கையை நீட்டினாள்.

நம் வீடுகளில் பாட்டிலில் வாய் வைத்தா குடிக்கிறோம்? நானும் அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொண்டேன். மூக்குக்குக் கிட்டேயே வராததால் வாடை தெரியவில்லை. முதலில் சோப்புத் தண்ணீர் மாதிரி ஒரு வழவழப்பு. அடுத்த நொடி நாக்கு, அண்ணம், தொண்டை எல்லாம் பற்றி எரிந்தது. துப்பினேன். கொஞ்சம் உள்ளே போய்விட்டது. பாட்டில் கையைவிட்டு விழுந்தது. கத்த வேண்டும் என்று வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை. அந்தப் பெண்ணின் நீட்டிய கையைத் தட்டிவிட்டது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த எரிச்சலிலும் எனக்கு ஒன்று பளிச்சென்று புரிந்தது. என் நாக்கு எனக்குச் சொல்லிவிட்டது, துப்பிவிட்டேன். குழாய்க்கு நாக்கு கிடையாது. அவர் வயிற்றுக்குள் இது போயிருந்தால், வாய்விட்டு அலறக்கூட அந்த மனுஷனால் முடியாது. குழாய் அலசியாயிற்று என்று நாங்களும் மூடியை மூடிவிட்டுப் போயிருப்போம்.

அந்தப் பெண் அடுக்களைக்கு ஓடிச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, என் தலையைப் பிடித்துக்கொண்டு கொப்பளிக்க வைத்தாள். மாடியைப் பார்த்துக் கத்தினாள். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த கொழுந்தன் லுங்கியோடு இறங்கி வந்தார். தரையில் கிடந்த பாட்டிலைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். என்னைத் தொடுவதற்கு முன்னால் அவர் கை அந்தப் பாட்டிலைத்தான் எடுத்தது. நேராகப் பாத்ரூமுக்குப் போய் மிச்சத்தைக் கொட்டிவிட்டு வந்தார். அப்போதுதான் அவர் கொண்டுவருகிறேன் என்ற கிரீஸ் லிக்விட் எனக்கு ஞாபகம் வந்தது.

காலையில் டியூட்டி முடித்து வந்தவர் அதைச் சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்து ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மாடிக்குப் போய்ப் படுத்திருக்கிறார். அந்தப் பெண் அப்போது தண்ணீர் பாட்டிலைக் கழுவிப் புதுத் தண்ணீர் பிடிக்க அடுக்களைக்கு எடுத்துப் போயிருந்தாள். திரும்பி வந்தால் ஸ்டூலில் இன்னொரு பாட்டில் நிறைந்து நிற்கிறது. நான் காலையில் கிளம்பும்போது நிரப்பி வைத்த இன்னொன்று என்று நினைத்து, தான் பிடித்து வந்ததை முதலில் தீர்த்துவிட்டு, அதை மதியத்துக்கு என்று விட்டுவைத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். பச்சைத் தண்ணீர் மாதிரியே இருந்த லிக்விட், அதே பாட்டில், மேலே ஒரு எழுத்து இல்லை.

பக்கத்து வீட்டுக் காரில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொழுந்தனும் வந்தார். அந்தப் பெண், அண்ணாச்சியைத் தனியாக விட மாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

டாக்டர் முதலில் கேட்டதே, என்ன குடித்தார்கள், பெயர் தெரியுமா, பாட்டில் இருக்கிறதா என்றுதான். அதற்குத் தகுந்த மாதிரிதான் வைத்தியம் பார்க்க முடியுமாம். கம்பெனியில் ஒவ்வொரு கெமிக்கலுக்கும் ஒரு தாள் இருக்கும், யார் மேலாவது பட்டால் முதலில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டும். இது எனக்கே தெரியும். இதை ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவர் என் தலைமாட்டில் நிற்கிறார். அவர் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

"பாத்ரூம் கழுவுற ஆசிட்டு சார். வேலைக்கு வர்ற பொண்ணு வாட்டர் பாட்டில்ல ஊத்தி வச்சிட்டிருக்குது."

எரிந்துகொண்டிருந்த தொண்டையைவிட அந்த வார்த்தை எனக்கு அதிகமாக எரிந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே கையைத் தூக்கி அவரைச் சுட்டிக் காட்டினேன். விடாமல் காட்டினேன். டாக்டர் என் கையை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, "உங்க கொழுந்தனார் எங்கயும் போக மாட்டாரும்மா, கூடவே இருப்பாரு, பயப்படாதீங்க" என்றார்.

எழுதிக் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போன் வீட்டில் கிடந்தது. பேனா கேட்டு ஜாடை காட்டுவதற்குள் ஊசி போட்டுவிட்டார்கள், கண் சொருகிவிட்டது. விழித்தபோது பக்கத்தில் ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள். அதற்குள் கேமரா விட்டுத் தொண்டையைப் பார்த்துவிட்டு, பெரிய ஆபத்து இல்லை, மேலாகத்தான் வெந்திருக்கிறது, சீக்கிரம் துப்பியதால் தப்பித்தீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னொன்றையும் நான் ஒளிக்காமல் சொல்கிறேன். பதற்றத்தில் வாய் குழறிவிட்டது, சாயங்காலத்துக்குள் அவரே டாக்டரிடமும் வீட்டிலும் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். கூடப் பிறந்த அண்ணன் உயிர் தப்பியிருக்கிறது, இதற்கு மேலுமா மறைப்பார் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் தினமும் வந்தார். இளநீர் கொண்டுவந்தார். வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டதாகச் சொல்லி நெற்றியில் விபூதி பூசிவிட்டார். என் கண்ணை மட்டும் பார்க்கவில்லை. உண்மையை மட்டும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் எல்லார் முன்னாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று நானும் யாருக்கும் எழுதிக் காட்டவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தேன். வாசலில் ஒரு பைக் நின்றது. உள்ளே நடையில் அந்தப் பெண் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "நான் வைக்கலக்கா. சத்தியமா எனக்கு ஒண்ணுந் தெரியாதுக்கா" என்றாள். நான் இல்லாத நாட்களிலும் அவள்தான் ராத்திரியும் இங்கேயே தங்கி அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். போகச் சொன்ன பிறகும், அக்கா வரட்டும், அண்ணாச்சியை ஒப்படைத்துவிட்டுப் போகிறேன் என்று இருந்திருக்கிறாள்.

ஏஜென்சி மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கஸ்டமர் வீட்டில் இப்படி நடந்ததற்கு வருத்தப்படுகிறாராம். எல்லாம் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்பினார்களாம், இந்தப் பெண்தான் அலட்சியமாக இருந்துவிட்டாளாம். இனிமேல் எந்த ஏஜென்சியிலும் இவளுக்கு வேலை கிடைக்காதபடி சொல்லி வைத்துவிட்டாராம். போலீஸுக்குப் போகாமல் விடுகிறார்களே, அந்த மட்டும் நீ கொடுத்து வைத்தவள் என்று அவளைப் பார்த்துச் சொன்னார். அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேர் வாசற்படியில் நின்று, ஊர் பேர் தெரியாத பெண்ணை வீட்டுக்குள் விட்டால் இப்படித்தான் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

கொழுந்தன் கையைக் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றார். நின்றவர் சும்மா இருந்திருக்கலாம். "வுடுங்க சார், பாவம் சின்னப் பொண்ணு. தெரியாம செஞ்சிடுச்சி. நாங்க ஒண்ணும் கம்ப்ளெயின்ட் குடுக்கல, இட்டுகினு போயிடுங்க" என்றார்.

பெருந்தன்மை! செய்யாத தப்பை அந்தப் பெண் தலையில் கட்டிவிட்டு, அதை மன்னிக்கவும் செய்கிறார். டாக்டர் ஒரு வாரம் பேசாதே என்று சொல்லியிருந்தார். பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. வாயைத் திறந்தேன். காற்றும் கரகரப்புமாகத்தான் வந்தது. பாட்டிலை வைத்தது இந்தப் பெண் இல்லை என்றேன்.

மேனேஜர் புருவத்தைத் தூக்கினார். நீங்கள் டியூட்டியில் இருந்தீர்கள், பார்த்தீர்களா மேடம் என்றார். நான் பார்க்கவில்லை. பார்த்த ஒரு ஆள் அந்த ரூமிலேயேதான் இருந்தார்.

"அவரக் கேளுங்க" என்று கட்டிலைக் காட்டினேன்.

மேனேஜர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். பேஷண்டையா கேட்கச் சொல்கிறீர்கள் என்றார். வாசற்படியில் நின்றவர்கள், ஐயோ பாவம், மருந்து இவளுக்கு மூளைக்கு ஏறிவிட்டது என்கிற மாதிரி பார்த்தார்கள். நான் யாரையும் மதிக்கவில்லை. கட்டில் பக்கத்தில் போய் நின்று, ஸ்டூலைத் தட்டிக் காட்டினேன்.

"இங்க பாட்டில வச்சது யாரு?"

அவர் கண்ணைத் திறந்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. நான் தண்ணீருக்காகப் பாட்டிலை எடுத்தபோதே அவருக்கு அது என்னவென்று தெரியும். முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர், தம்பி கைப்பிடியைக் காட்டிச் சொல்லிவிட்டு வைத்ததைப் பார்த்தவர். நான் அண்ணாந்தபோது இடது கை கம்பியைப் படபடவென்று தட்டியது இப்போதுதான் எனக்கு உறைத்தது. கிரிக்கெட் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். டி.வி. ஓடவே இல்லை.

அந்த இடது கை மெதுவாக எழுந்தது. அந்தப் பெண்ணைத் தாண்டி, மேனேஜரைத் தாண்டிப் போய், சுவர் ஓரம் நின்ற தம்பியிடம் நின்றது. இறங்கவில்லை.

கொழுந்தன் கட்டிய கையை அவிழ்த்தார். என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி மெல்லச் சொன்னார்.

"நல்லதுக்குத்தான் அண்ணி எடுத்தாந்தேன். கெமிக்கல கேட்டுக்கு வெளிய கொண்டாந்தேன்னு தெரிஞ்சா வேலையே பூடும். சேஃப்டில இருந்துகினு நானே இப்பிடி செஞ்சன்னா இன்னா சொல்லுவாங்க?"

"வேலை பூடும்னுதான் டாக்டராண்ட பொய் சொன்னியா? நான் செத்திருந்தா?" என்றேன். அதற்கு மேல் தொண்டை இழுத்துக்கொண்டது. எனக்கு இன்றைக்கும் தாங்காதது இதுதான். அவர் பாட்டில் கொண்டுவந்தது மறதி, அலட்சியம், என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அதை மன்னித்துவிடலாம். அண்ணனுக்குக் கட்டில் சுலபமாகச் சுற்ற வேண்டும் என்றுதானே கொண்டுவந்தார். ஆனால் அதற்கப்புறம் செய்தது எல்லாம் தெரிந்து செய்தது.

மேனேஜர் சட்டென்று எழுந்தார். அப்படியானால் எங்கள் ஸ்டாஃப் மேல் தப்பு இல்லை, ஏஜென்சி மேலும் தப்பு இல்லை மேடம், இது உங்கள் குடும்ப விஷயம் என்று சொல்லிக்கொண்டே பைக் சாவியை எடுத்தார். அவ்வளவு நேரம் போலீஸ், அலட்சியம் என்று அவளை உருட்டினாரே, அந்தப் பெண் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போங்கள் என்றேன். குழாயில் ஊற்றுவதற்கு முன்னால் எதையும் மோந்து பார், ஒரு சொட்டுக் கையில் விட்டுப் பார், நீயே பிடித்து வைத்த தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஊற்றாதே என்று ஒரு வார்த்தை அந்த வீடியோவில் இருந்ததா என்று கேட்டேன். வந்து கட்டிலையாவது, ஸ்டூலையாவது, வீட்டில் எது எங்கே இருக்கிறது என்றாவது உங்கள் ஆபீஸிலிருந்து யாராவது ஒரு தடவை பார்த்தீர்களா என்றும் கேட்டேன். சொல்லி அனுப்புகிறோம் மேடம், சொல்லி அனுப்புகிறோம் என்றார். மன்னிப்பு கடைசி வரை அவர் வாயிலிருந்து வரவில்லை. போகிற அவசரத்தில் சாரிமா என்று முனகினார், அது மன்னிப்பாகிவிடுமா?

அவர் போன பிறகு வாசற்படிக் கூட்டமும் கலைந்தது. போகிற போக்கில் ஒருத்தி அந்தப் பெண்ணிடம், "நாங்க அப்பவே நெனச்சோம் நீ செஞ்சிருக்க மாட்டேன்னு" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அந்தப் பெண் ஏஜென்சியை விட்டுவிட்டாள். எங்கள் வீட்டுக்கு நேராகவே வருகிறாள், ஏஜென்சிக்குக் கொடுத்ததையும் சேர்த்து அவளிடமே கொடுக்கிறோம். வீட்டுக்காரருக்கு இப்போது குழாய் எடுத்துவிட்டார்கள், மசித்த இட்லி சாப்பிடுகிறார். மூடி போட்ட எவர்சில்வர் தூக்குதான் இப்போது கட்டில் பக்கத்தில் இருக்கிறது, அதில் தண்ணீர் பிடிக்கிறதும் எடுக்கிறதும் அவள் ஒருத்திதான். ஓரகத்தி ரொம்ப நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள், இப்போது சாதாரணமாகப் பேசுகிறாள். கொழுந்தன் அதே கம்பெனியில் அதே வேலையில் இருக்கிறார். நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை, அவர் பிள்ளைகள் முகத்துக்காக விட்டேன். அந்தப் பெண்ணிடம் அவர் தனியாக மன்னிப்புக் கேட்டாராம், அவள் சொன்னாள். ஆனால் பாதுகாப்பு வாரம் என்று பேட்ஜ் குத்திக்கொண்டு அவர் படி இறங்கும்போது நான் கதவைப் படாரென்று சாத்துகிறேன், உள்ளதைச் சொல்கிறேன்.

நான் டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்று சாயங்காலம், எல்லாரும் போன பிறகு, அந்தப் பெண் பையிலிருந்த துணிகளை எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு உங்களுக்குத் தாகம் எடுக்காம இருந்திருந்தா, நாந்தானக்கா அண்ணாச்சியக் கொன்னிருப்பேன்? எங்க ஊர்ல எங்கம்மாகூட என்னைய நம்பியிருக்க மாட்டாளே?"

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன், தொண்டை வலிக்கிறது என்று சைகை காட்டித் தப்பித்துக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை. அன்றைக்கு என் நாக்கு வேகாமல் அவர் வயிறு வெந்திருந்தால், நான் ஓடி வந்து முதலில் பிடித்திருப்பது இந்தப் பெண்ணின் தலைமயிரைத்தான், கொழுந்தன் பக்கத்தில் நின்று என்னைத் தேற்றியிருப்பார், நானும் சாகிற வரைக்கும் அவரைத்தான் நல்லவர் என்று நம்பியிருப்பேன்.